நாலு ஜிபிக்கு மேல்

"ஐயோ, அதை அழுத்தாதீங்க!"

வனிதாமணி போட்ட கூச்சலில் கல்யாண மண்டபமே ஒரு கணம் திரும்பிப் பார்த்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த தன்னார்வலரின் விரல் மவுஸின் மேல் அப்படியே நின்றது.

திரையில் ஒரு சின்னக் கட்டம். 'இந்த வட்டைப் படிக்க இயலவில்லை. ஃபார்மட் செய்யவா?' கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். அம்புக்குறி 'ஆம்' மேல் உட்கார்ந்திருந்தது.

"ஃபார்மட் பண்ணாத்தானேம்மா உள்ள போக முடியும்?" என்றார் அவர், தூக்கத்தில் எழுப்பப்பட்டவர் மாதிரி.

"உள்ள என் புருஷன் இருக்கார் சார்!"

அவர் கையைத் தட்டிவிட்டுக் கேபிளைப் பிடுங்கினாள். கறுப்பு ஹார்ட் டிரைவ் உள்ளங்கையில் சூடாக இருந்தது. அதைப் புடவைத் தலைப்பில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டபோதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

எதிர் ஃப்ளாட் தாமோதரன் போன வாரம் இப்படித்தான் போனார். யாரோ அவசரத்தில் 'ஆம்' என்று அழுத்திவிட்டார்கள். தாமோதரன் இப்போது வேளைக்குச் சாப்பிடுகிறார், வேளைக்குத் தூங்குகிறார். மனைவி காபி கொண்டுவந்தால், "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" என்கிறார்.

"இங்க கொடுங்கக்கா. அவரு புதுசு. நான் பாக்கறேன்."

பக்கத்து மேசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். கழுத்து அட்டையில் பர்வீன் என்று இருந்தது. காலையிலிருந்து எதுவும் சாப்பிடாத முகம்.

"பேஷன்ட் எங்க?"

வனிதாமணி மேடையைக் காட்டினாள்.

கீழே நாற்காலி கிடைக்காததால் குணசீலனை மேடையில், மாப்பிள்ளைக்கான சிவப்பு வெல்வெட் நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். பின்னால் போன முகூர்த்தத்தின் தெர்மகோல் மயில் ஒன்று தோகை உடைந்து நின்றது. குணசீலன் எதிரே போகிறவர் வருகிறவர்களுக்கெல்லாம் லேசாகத் தலையசைத்துப் புன்னகை செய்துகொண்டிருந்தான். யாரையும் தெரியாதவனின் மரியாதையான புன்னகை. காதுக்குப் பின்னால் இருந்த சொருகு துளை காலியாக இருந்தது.

வெள்ளைக் காய்ச்சல் வந்து போய் நாலு வருடம் ஆகிறது. பிழைத்தவர்களில் பாதிப் பேருக்கு ஞாபகம் என்பது மண்டைக்குள் இல்லை, இடுப்பில் இருக்கிறது. காய்ச்சல் உச்சிக்கு ஏறும் முன் ஆஸ்பத்திரியில் மூளையிலிருந்து அள்ள முடிந்ததை அள்ளிப் பெட்டியில் போட்டார்கள். அதன் பிறகு பார்ப்பது, கேட்பது, அழுவது எல்லாம் காது வழியே கேபிளில் இறங்கி, பெல்ட்டில் தொங்கும் டிரைவில் போய் உட்காரும். முதலில் கவின் என்று ஒரு தனியார் கம்பெனியின் பெட்டிகள்தான் இருந்தன. பிறகு அரசாங்கம் துளிர் என்று ஒன்று கொண்டுவந்தது. ஒன்று எழுதியதை மற்றது படிக்காது.

வனிதாமணி இரண்டு வருடம் முன்பே துளிருக்கு மாறிவிட்டாள். இதே மண்டபத்தில் நடந்த முகாமில்தான். குணசீலன் மட்டும் பிடிவாதமாகக் கவினிலேயே இருந்தான். "பழகினது, இருந்துட்டுப் போகட்டும்" என்பான். இப்போது கவின் கம்பெனி திவால். இன்று மாலையோடு கவின் பெட்டிகள் எல்லாம் நின்றுவிடும். குணசீலனின் பெட்டி அதுவரைகூடப் பொறுக்கவில்லை. மதியம் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தவன் திடீரென்று நிமிர்ந்து, "இது யார் வீடுங்க?" என்றான்.

"எப்ப நின்னுது?" பர்வீன் டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சாப்பிடறப்ப."

"அப்ப ரொம்ப லேட் பண்ண முடியாதுக்கா. பெட்டியில்லாம ரொம்ப நேரம் இருந்தா மூளை பெட்டியையே மறந்துடும். அப்புறம் மாட்டினாலும் ஒட்டாது." மேசைக்கு அடியில் குனிந்து ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பினாள். "மண்டபத்துலயே உயிரோட இருக்கற கடைசி கவின் மெஷின் இது. பாட்டி மாதிரி மெதுவா நடக்கும். ஆனா உங்க டிரைவைப் படிக்கும்."

"நேரா துளிர்ல போட முடியாதா?"

"முடியாது. ரெண்டும் சண்டை போட்ட சம்பந்திங்க மாதிரி. இவங்க வச்ச சாமானை அவங்க தொட மாட்டாங்க. தொட்டாலும் 'காலியா இருக்கு, கழுவி வைக்கட்டுமா'ன்னுதான் கேப்பாங்க. நீங்க பாத்தீங்களே, அது." பர்வீன் இன்னொரு டிரைவை எடுத்தாள், நீல நிறம், மேலே ஒட்டுப் போட்ட எண். "இது பொது வடிவத்துல இருக்கு. ரெண்டு பேரும் படிப்பாங்க, ரெண்டு பேரும் எழுதுவாங்க. மொதல்ல உங்க வீட்டுக்காரரை இதுல எடுத்து வைப்போம். அவரோட டிரைவைத் துளிருக்கு ஃபார்மட் பண்ணுவோம். திரும்ப அதுல கொட்டுவோம். அவ்ளோதான்."

"இந்த நீலத்தையே அவருக்குக் கொடுத்துடுங்களேன்."

"அது சரி! வெளில நிக்கற கூட்டத்தைப் பாத்தீங்களா? இருக்கறதே பதினோரு டிரைவ். ஊர்ல எந்தக் கடையிலயும் புதுசு கிடையாது."

வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெரியம்மா, பக்கத்தில் மரம் மாதிரி நின்ற கணவரைக் காட்டி, "இவருக்கு எங்கம்மா வீட்டுச் சண்டையை மட்டும் விட்டுட்டு மத்ததை ஏத்த முடியுமாம்மா?" என்று கேட்டாள். நாலு பேர் சிரித்தார்கள். வனிதாமணிக்குச் சிரிப்பு வரவில்லை.

நகல் எடுக்க ஆரம்பித்தது. திரையில் பச்சைக் கோடு ஒன்று நத்தையாக நகர்ந்தது. ஃபைல்களின் பெயர்கள் ஓடின. படித்த பள்ளிக்கூடம். அப்பா இறந்த நாள். முதல் சம்பளம். சைக்கிள் ஓட்டுவது. ரசத்தில் உப்பு.

"ரசத்துல உப்புக்கு ஒரு ஃபைலா?"

"அதை ஏன் கேக்கறீங்க! ஒருத்தருக்குப் பல்லி பயத்துக்கே தனியா ஒண்ணு இருந்துச்சு." பர்வீன் கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "உங்களுக்கு மாத்தினப்ப எல்லாம் ஒழுங்கா வந்துச்சாக்கா?"

"விட்டுப் போயிருந்தா எனக்கு எப்படிம்மா தெரியும்? குடல்வால் ஆபரேஷன் தழும்பு ஒண்ணு இருக்கு. ஆபரேஷன் ஞாபகம் இல்ல. பெரம்பூர் வீட்டைக் காலி பண்ணிட்டு மடிப்பாக்கம் வந்தோம், ஏன்னு ஞாபகம் இல்ல. தண்ணிக் கஷ்டம்னு அவர் சொன்னாரு. சரின்னுட்டேன்."

அப்போதுதான் பச்சைக் கோடு நின்றது.

நின்றது என்றால், கடைசி முனையில், விரல்கடை தூரம் பாக்கி வைத்து நின்றது. பர்வீன் ஒரு தட்டுத் தட்டினாள். மறுபடி தட்டினாள். உதட்டைக் கடித்தாள்.

"என்னம்மா?"

"எல்லாம் வந்துடுச்சு. ஒண்ணே ஒண்ணுதான் போகல. இந்தப் பொது வடிவத்துல ஒரு வியாதி, ஒத்த ஃபைல் நாலு ஜிபிக்கு மேல இருந்தா எடுக்காது. எடம் எவ்ளோ காலியா இருந்தாலும் எடுக்காது."

"இது எவ்ளோ?"

"நாப்பத்தொண்ணு."

"என்னது அது? அவ்ளோ பெருசா?"

"உள்ள என்னன்னு எனக்குத் தெரியாதுக்கா. அவர் மண்டையில மாட்டினாத்தான் திறக்கும். பேரு மட்டும்தான் தெரியும்." பர்வீன் திரையைக் கொஞ்சம் அவள் பக்கம் திருப்பினாள்.

மிருதுளா.

வனிதாமணி அந்தப் பெயரைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த மிருதுளா ஒருத்தியும் இல்லை. சொந்தத்தில் இல்லை, ஆபீஸில் இல்லை, அக்கம்பக்கத்தில் இல்லை.

"ஏன் இவ்ளோ பெருசாச்சு?" குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"கவின்ல அப்படித்தான். ஒரு விஷயத்தை ஒவ்வொரு தடவை நினைக்கறப்பவும் மேல ஒரு பூச்சு ஏறும். போட்டோ, வீடியோன்னு அவங்களாவும் உள்ள போட்டு வைப்பாங்க. நினைக்க நினைக்க வீங்கும்."

"என் பேர்ல இருக்கா?"

பர்வீன் தயங்கினாள். "இருக்குக்கா. அது நல்லபடியாப் போயிடுச்சு."

"எவ்ளோ?"

"அதெல்லாம் பாத்து..."

"எவ்ளோம்மா?"

"மூணு."

வனிதாமணி மேடையைப் பார்த்தாள். குணசீலன் அவளுக்கும் ஒரு புன்னகை செய்தான்.

ஞாயிற்றுக்கிழமைகள். சனியன் பிடித்த ஞாயிற்றுக்கிழமைகள். காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு போவான். சாப்பாட்டு நேரத்துக்குக் கண் சிவந்து வருவான். "பீச்ல காத்து" என்பான். ஒரு நாள் அவன் சட்டைப்பையில் பெரம்பூர் டிக்கெட் இருந்தது. இன்னொரு நாள் அவளோடு வேலை பார்க்கும் ஜெயசித்ரா, "உங்க வீட்டுக்காரர் பெரம்பூர் மார்க்கெட்ல மல்லிப்பூ வாங்கிட்டிருந்தாரே, உனக்குத்தான்னு நினைச்சேன்" என்றாள். அன்று அவன் வெறும் கையோடு வந்தான். கேட்டதற்கு, "பழைய ஃப்ரெண்டு" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்தப் பழைய ஃப்ரெண்டுக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

போனை எடுத்தாள். குணசீலனின் அக்கா சரோஜினி செங்கல்பட்டிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தாள். நல்லவேளை, சரோஜினிக்குக் காய்ச்சல் வந்ததில்லை. அவள் ஞாபகம் அவள் மண்டையிலேயே இருந்தது.

"அண்ணி, எங்க இருக்கீங்க?"

"பல்லாவரம் தாண்டியாச்சு. அவன் எப்படி இருக்கான்? கூட்டம் ஜாஸ்தியா?"

"அண்ணி, மிருதுளான்னா யாரு?"

ரயிலின் சத்தம் மட்டும் வந்தது. யாரோ சமோசா விற்றுக்கொண்டு போனார்கள். அந்தக் குரலும் தேய்ந்து மறைந்தது.

"அண்ணி?"

"நீ... இப்ப தனியாவா இருக்கே?"

"யாருன்னு கேட்டேன்."

"வனிதா, நான் சொல்றதைக் கேளு. போன்ல வேண்டாம். நான் வந்துட்டே இருக்கேன். நான் வர்ற வரைக்கும் அந்த ஃபைலைத் தொடாதே. யாரையும் தொட விடாதே. கேக்குதா? உன் கால்ல வேணா விழறேன்..."

வனிதாமணி போனை அணைத்தாள்.

ஆக, எல்லோருக்கும் தெரியும். அவன் அக்காவுக்குத் தெரியும். அக்கா புருஷனுக்குத் தெரியும். அவள் அறைக்குள் நுழைந்ததும் பேச்சை மாற்றிய அத்தனை கல்யாண வீடுகளும் இப்போது வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. தன்னைப் பார்த்ததும் எல்லார் கண்ணிலும் வரும் ஒரு ஈரம். பிள்ளை இல்லாதவள் என்ற பரிதாபம் என்று அல்லவா நினைத்திருந்தாள்? இதற்குத்தானா?

"அக்கா," பர்வீன் மெதுவாகச் சொன்னாள். "ஒரு வழி இருக்கு. இந்த ஒத்த ஃபைலை மட்டும் துண்டு துண்டா வெட்டிக் கொண்டுபோலாம். அந்தப் பக்கம் ஒட்டிக்கலாம். ஒரு மணி நேரம் பிடிக்கும்."

"அது வரைக்கும் அவர் தாங்குவாரா?"

"தாங்குவாருன்னுதான் நினைக்கறேன். ஆனா உறுதியாச் சொல்ல மாட்டேன். மதியத்துலேர்ந்து வெறும் தலையா இருக்காரு. நீங்கதான் சொல்லணும். சட்டப்படி இப்ப அவருக்கு நீங்கதான் பொறுப்பு."

உறுதியாகச் சொல்ல மாட்டேன். அந்த மூன்று வார்த்தைகளை வனிதாமணி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பின்னால் யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ள ஒரு காரணம். புருஷன் உயிரைவிட எவளோ ஒருத்தி பெரிதா?

"அது வேண்டாம்," என்றாள். "விட்டுடுங்க."

"நல்லா யோசிச்சுக்கோங்கக்கா. அவர் டிரைவை ஃபார்மட் பண்ணிட்டா அது இந்த உலகத்துல எங்கயும் இருக்காது."

"எனக்கு அவர் வேணும். அது வேண்டாம். அழுத்தும்மா."

மறுபடியும் அந்தச் சின்னக் கட்டம் வந்தது. ஃபார்மட் செய்யவா? பர்வீன் அவளை ஒருமுறை பார்த்தாள். வனிதாமணி தலையசைத்தாள். பிறகு என்ன தோன்றியதோ, பர்வீனின் கையை விலக்கிவிட்டுத் தானே மவுஸைப் பிடித்து அழுத்தினாள்.

ஆம்.

சத்தமில்லை, புகையில்லை. இமைப்பதற்குள் முடிந்துவிட்டது.

துளிர் வேகமாக வேலை செய்தது. நீல டிரைவிலிருந்து கறுப்பு டிரைவுக்குக் குணசீலன் திரும்பி வந்துகொண்டிருந்தான். கடைசி ஃபைல் இறங்கியதும் பர்வீன் நீல டிரைவைப் பிடுங்கி, துடைத்து, வரிசையில் அடுத்து நின்ற பெரியம்மாவின் கணவருக்காக மெஷினில் சொருகினாள். பிறகு மேடை ஏறி, குணசீலனின் காதுக்குப் பின்னால் கேபிளைப் பொருத்தினாள். வனிதாமணி பக்கத்தில் காலியாக இருந்த மணப்பெண் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் கண்கள் ஒருமுறை செருகின. திறந்தன. மயிலைப் பார்த்தான். நாற்காலியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"வனி! என்ன, நமக்கு மறுபடியும் கல்யாணமா?"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அவனும் சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பு. இரண்டு புருவங்களுக்கு நடுவே எப்போதும் இருக்கும் அந்த மடிப்பைக் காணோம். பத்து வயது குறைந்தவன் போல இருந்தான். தோளில் தூக்கி வந்த எதையோ யாரோ இறக்கி வைத்த மாதிரி கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

"பசிக்குது. சாம்பார் சாதம் பாதியில நிக்குது இல்ல?"

"ஞாபகம் இருக்கா?"

"அதுல உப்பு கம்மி. அதுகூட ஞாபகம் இருக்கு."

அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "மிருதுளான்னா யாருங்க?"

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நரம்பு துடிக்கவில்லை.

"யாரு? உங்க ஆபீஸ்ல புதுசா?"

"ஒண்ணுமில்ல."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே வனி? எங்கயாவது போலாமா? சினிமாவுக்குப் போயி எவ்ளோ நாளாச்சு. எனக்கு ஒரு வேலையும் இல்ல."

ஜெயித்துவிட்டாள். நாலு வருடமாக யாரோ ஒருத்திக்குப் போய்க்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமையை ஒரே விரலால் மீட்டுவிட்டாள். நெஞ்சுக்குள் இதமாக ஏதோ பரவியது.

மண்டப வாசலில் சலசலப்பு. சரோஜினி கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. மேடைப் படியில் தடுக்கி, சமாளித்து, தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே அவள் முகம் வெளிறிப்போனது.

"அக்கா! நீ எப்ப வந்தே? என்ன ஒத்தைச் செருப்போட?"

சரோஜினி வனிதாமணி பக்கம் திரும்பினாள். "வனிதா. அந்த ஃபைல்?"

"வரல அண்ணி. நாலு ஜிபிக்கு மேலயாம்." வனிதாமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை நாள் அடக்கி வைத்தது நாக்கு நுனிக்கு வந்தது. "நான்தான் வேண்டாம்னுட்டேன். எல்லாரும் சேந்து நல்லா மறைச்சீங்க. பூ வாங்கிட்டுப் போற அளவுக்கு! உங்க தம்பியைக் கண்டிக்கத் தோணல உங்களுக்கு?"

"திருப்பி எடுக்க முடியுமா?" சரோஜினி பர்வீனிடம் கேட்டாள். "அம்மா, நீ சொல்லும்மா. எதையாவது பண்ணி எடுக்க முடியுமா?"

பர்வீன் தலையை ஆட்டினாள். "அது மேலயே எழுதியாச்சு மேடம்."

சரோஜினி மேடையின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் தன் செருப்பில்லாத காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசியபோது குரலில் கோபம் இல்லை. அதுதான் வனிதாமணிக்குப் பயமாக இருந்தது.

"உன் வயித்துல ஒரு தழும்பு இருக்கே. அது என்னன்னு நினைச்சே?"

"குடல்வால்... அவர்தான் சொன்னார்."

"அவன் சொன்னான். வேற என்ன சொல்வான்?" சரோஜினி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அடம் பிடிச்ச கழுதை. பூ வச்சு விட்டாத்தான் ஸ்கூலுக்குக் கிளம்புவா. ஆறு வயசு. காய்ச்சல்ல உங்க ரெண்டு பேரையும் பொழைக்க வச்சாங்க, அவளை முடியல. பெரம்பூர்லதான் புதைச்சோம். அவன் வாராவாரம் அங்கதான் போயிட்டிருந்தான், பூவை எடுத்துட்டு."

வனிதாமணி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. யாரோ தெரியாதவர் வீட்டுத் துக்கத்தைக் கேட்பது மாதிரி இருந்தது. தனக்குள் எங்கெங்கோ தேடிப் பார்த்தாள். ஒரு முகம், ஒரு குரல், தலை பின்னிய விரல்களுக்கு ஒரு பழக்கம். ஒன்றும் இல்லை. பக்கத்தில் குணசீலனும் அதே மாதிரிதான், புருவத்தை உயர்த்தி, மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"யாரு குழந்தை அக்கா? பாவமே," என்றான்.

சரோஜினி கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்கு ஏன் யாருமே சொல்லல?" வனிதாமணி கேட்டாள்.

"சொன்னா நீ திரும்ப அப்படி ஆயிடுவேன்னு டாக்டர் சொன்னார். ரெண்டு வருஷம் சோறு தண்ணி இல்லாம கிடந்தே. வீட்டை மாத்தினோம், பொம்மையெல்லாம் தூக்கிப் போட்டோம், போட்டோ ஒண்ணு விடாம அவன் டிரைவுக்குள்ள போட்டுப் பூட்டிக்கிட்டான். எதுவும் ஆகல. கடைசில இங்க கூட்டிட்டு வந்தோம். அதோ, அந்த மூலை மேசை. உனக்கும் அந்த ஒண்ணு மட்டும்தான் போகாம நின்னுது. வெட்டி எடுக்கலாம்னு அன்னிக்கும் சொன்னாங்க. நீதான், 'அது வேண்டாம், விட்டுடுங்க'ன்னே."

மூலையில் அந்த மேசை இருந்தது. அதன் முன்னால் யாரோ ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பின்னால் நின்ற அவள் கணவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இவர் ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னான்," என்றாள் சரோஜினி. "உன் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னான். 'விட்டுடு வனி. எங்கிட்ட இருக்கா அவ. ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணு போதும்'னு."